வழிப்படுத்தியும் அதன் பணிகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
அலகு: கணினி வலையமைப்பு



ஆளி, வழிப்படுத்தி, மோடம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது இவ்வலகில் எளிதில் நேரும் தவறாகும். வீட்டில் பாவிக்கும் ஒரே பெட்டிக்குள் இம்மூன்றும் அடங்கியிருப்பதே இதற்குக் காரணம். கடையில் ‘ரவுட்டர்’ என்று விற்கப்படும் அப்பெட்டி பல வேலைகளைச் செய்கிறது. அவற்றுள் ஒன்றே வழிப்படுத்தல். அந்த வேலையை விளங்கிக்கொண்டால் வினா எவ்வாறு திருப்பிக் கேட்கப்பட்டாலும் விடையளிக்கலாம்.

1. வரைவிலக்கணம்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வலையமைப்புகளை இணைத்து, தரவுப் பொதி ஒவ்வொன்றினதும் சேரிட ஐ.பி. முகவரியைப் பார்த்து, அப்பொதி அடுத்துச் செல்லவேண்டிய வழியைத் தெரிவுசெய்து அனுப்பும் சாதனம் வழிப்படுத்தி எனப்படும்.

இதில் ‘அடுத்து’ என்ற சொல்லைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். வழிப்படுத்தி முழுப் பயணத்தையும் நடத்துவதில்லை. அடுத்த கட்டத்தை மட்டுமே தீர்மானிக்கிறது.

தீவகத்தில் இருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாக வரும் பஸ் குறிகட்டுவானுடன் நின்றுவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குப் போவோர் ஒரு படகிலும், நெடுந்தீவுக்குப் போவோர் வேறொரு படகிலும் ஏறுவர். எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று இறங்குதுறையில் எவரும் கேட்பதில்லை. எந்தத் தீவு என்பதே அங்குள்ள கேள்வி. வீட்டைத் தேடுவது தீவில் இறங்கிய பின்னரே.

வழிப்படுத்தியும் அவ்வாறே முதலில் எந்த வலையமைப்பு என்று பார்க்கிறது. அதன் இணைப்பு வாய்களையும் ‘துறை’ என்றே நாம் சொல்கிறோம்.

2. முகவரியின் இரு பகுதிகள்

ஐ.பி. பதிப்பு 4 முகவரி 32 பிற்றுகள் கொண்டது. 0 முதல் 255 வரையான நான்கு எண்களாக எழுதப்படும். அதன் ஒரு பகுதி வலையமைப்பையும் (தீவு), மறு பகுதி அதிலுள்ள கணினியையும் (வீடு) குறிக்கும்.

நெடுந்தீவிலுள்ள பாடசாலை ஒன்றின் கணினி ஆய்வுகூடத்தில் பத்துக் கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் இருப்பதாகக் கொள்க. முதல் மூன்று எண்களும் வலையமைப்பைக் குறிக்கின்றன எனவும் கொள்க.

கணினிகள்: 192.168.10.11 முதல் 192.168.10.20 வரை
அச்சுப்பொறி: 192.168.10.50
வழிப்படுத்தியின் ஆய்வுகூடப் பக்கத் துறை: 192.168.10.1

192.168.10.11 இலிருந்து அச்சிடும்போது சேரிடமும் அதே வலையமைப்பில் உள்ளது. எனவே பொதி ஆளியின் ஊடாக நேரே செல்லும். வெளியிலுள்ள இணையத்தளம் ஒன்றைத் திறக்கும்போது சேரிடம் வேறு வலையமைப்பில் உள்ளது. அப்போது கணினி அப்பொதியை 192.168.10.1 என்ற முகவரியிடம் ஒப்படைக்கும். இம்முகவரியே அக்கணினியின் இயல்புநிலை நுழைவாயில் ஆகும்.

3. வழிப்படுத்தல் அட்டவணை

மேற்படி வழிப்படுத்தியுடன் பாடசாலை அலுவலக வலையமைப்பும் இணைக்கப்பட்டிருப்பின் அதன் அட்டவணை பின்வருமாறு அமையும்.

சேரிட வலையமைப்பு | வெளியேறும் துறை
192.168.10.0 (ஆய்வுகூடம்) | துறை 1
192.168.20.0 (அலுவலகம்) | துறை 2
ஏனைய அனைத்தும் | துறை 3 (இணையச் சேவை வழங்குநர்)

கடைசி வரியைக் கவனியுங்கள். உலகிலுள்ள எல்லா வலையமைப்புகளையும் இச்சிறிய வழிப்படுத்தி அறிந்திருக்க வேண்டியதில்லை. தனக்குத் தெரியாதவற்றைச் சேவை வழங்குநரின் வழிப்படுத்தியிடம் தள்ளிவிடும். அது தன் அட்டவணையைப் பார்த்து அடுத்ததிடம் அனுப்பும்.

4. பிரதான பணிகள்

(அ) வெவ்வேறு வலையமைப்புகளை இணைத்தல்.
(ஆ) அட்டவணையைப் பார்த்துப் பொருத்தமான வழியைத் தெரிவுசெய்து பொதிகளை அனுப்புதல்.
(இ) அலைந்து திரியும் பொதிகளை நீக்குதல். ஒவ்வொரு பொதியிலும் வாழ்நாள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு வழிப்படுத்தியும் அதில் 1 ஐக் குறைக்கும். அது 0 ஆனால் பொதி கைவிடப்படும்.
(ஈ) முகவரி மாற்றல். 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் உள்ளக வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அவை இணையத்தில் செல்லா. எனவே பத்துக் கணினிகளும் வெளியே ஒரே பொது முகவரியில் தோன்றுமாறு வழிப்படுத்தி மாற்றிக் கொடுக்கும்.
(உ) விதிகளுக்கு அமைய வேண்டாத பொதிகளைத் தடுத்தல்.

5. மாற்றுவழியும் அதன் எல்லையும்

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலணை, பண்ணைப் பாலம் வழியே தரையால் செல்லலாம். பாதை ஓடும் வேளைகளில் கடலைக் கடந்து காரைநகர் சென்று, பொன்னாலைப் பாலம் வழியாகவும் போகலாம். ஒரு வழி தடைப்பட்டால் மற்றையது உண்டு. நெடுந்தீவுக்கோ கடலைத் தவிர வேறு வழியில்லை. கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றால் இறங்குதுறையில் எவ்வளவு ஒழுங்கு இருந்தும் பயனில்லை.

வலையமைப்பிலும் இதே நிலைதான். வழிப்படுத்தி இருக்கும் வழிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும். இல்லாத வழியை உண்டாக்காது. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தை அண்டி, கப்பலொன்றின் நங்கூரம் இழுபட்டு ‘சீ-மீ-வீ 3’ என்ற கடலடி வடம் சேதமடைந்தது. இலங்கையின் இணையமும் சர்வதேசத் தொலைபேசிச் சேவையும் பெரிதும் தடைப்பட்டன. வழிப்படுத்திகள் பழுதடையவில்லை. அனுப்புவதற்குப் போதிய மாற்றுவழி இருக்கவில்லை. 2005 இல் ‘சீ-மீ-வீ 4’ கொழும்பிலும், 2016 இறுதியில் நிறைவுற்ற ‘சீ-மீ-வீ 5’ மாத்தறையிலும் கரையேறியபின் தெரிவுசெய்ய வேறு வழிகள் கிடைத்தன.

6. சாதனங்களை வேறுபடுத்தல்

குவியம்: வரும் சமிக்ஞையை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பும். முகவரியைப் பார்க்காது.
ஆளி: ஒரே வலையமைப்பினுள் உரிய சாதனத்துக்கு மாத்திரம் அனுப்பும். மக் முகவரியைப் பார்க்கும்.
வழிப்படுத்தி: வலையமைப்புகளுக்கு இடையே அனுப்பும். ஐ.பி. முகவரியைப் பார்க்கும்.
மோடம்: சமிக்ஞையைத் தொடர்பாடல் ஊடகத்துக்கு ஏற்ப மாற்றும். வழியைத் தெரிவுசெய்யாது.

7. பயிற்சி

பகுதி I

1. ஒரே ஆய்வுகூடத்திலுள்ள பத்துக் கணினிகளை மாத்திரம் ஒன்றோடொன்று இணைக்க மிகப் பொருத்தமானது
(1) மோடம் (2) ஆளி (3) வழிப்படுத்தி (4) அச்சுப்பொறி

2. வழிப்படுத்தி வழியைத் தெரிவுசெய்யப் பயன்படுத்துவது
(1) கோப்பின் அளவு (2) கணினியின் பெயர் (3) சேரிட ஐ.பி. முகவரி (4) வடத்தின் நீளம்

விடைகள்: 1 – (2), 2 – (3)

பகுதி II

மேலே கூறிய ஆய்வுகூடத்தில் ஒன்பது கணினிகளில் இணையம் கிடைக்கிறது. 192.168.10.14 என்ற கணினியில் அச்சிட முடிகிறது, ஆனால் இணையம் இல்லை. அதன் இயல்புநிலை நுழைவாயில் 192.168.1.1 எனப் பதியப்பட்டுள்ளது.

(i) அக்கணினியின் வடமும் ஆளியும் பழுதில்லை என்பதற்குச் சான்று யாது?
(ii) வழிப்படுத்தி இயங்குகிறது என்பதற்குச் சான்று யாது?
(iii) பழுதையும் திருத்தத்தையும் எழுதுக.

மாதிரி விடை:
(i) அவற்றின் ஊடாகவே பொதிகள் அச்சுப்பொறியை அடைகின்றன.
(ii) ஏனைய ஒன்பது கணினிகளுக்கும் அதன் ஊடாகவே இணையம் கிடைக்கிறது.
(iii) நுழைவாயில் முகவரி பிழையானது. அதனை 192.168.10.1 என மாற்ற வேண்டும்.

‘இணையம் பழுது’ என்று மட்டும் எழுதுவது விடையாகாது. எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டுங்கள். இது பரீட்சைக்கு மட்டும் உரிய பயிற்சியன்று. நெடுந்தீவுக்குத் திருத்துநர் ஒருவர் வருவதென்றால் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வரவேண்டும். ஓர் எண்ணை மாற்றுவதால் தீரும் பழுதுக்காக ஆய்வுகூடத்தில் ஒரு கணினி நாட்கணக்கில் சும்மா கிடக்கக்கூடாது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் அறிவு இப்போது உங்களிடம் உள்ளது.