ஓடில்லா நத்தைக்கும் ஒரு பதிவு

மழை ஓய்ந்த மாலையில், கெடா மாநிலத் தோட்டப்புறங்களிலும் சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் வீட்டுத் தோட்டங்களிலும் ஓடில்லா நத்தைகள் ஊர்ந்து வரும். மலாய் மொழியில் இவற்றை 'லிந்தா பூலான்' என்பர். கீரைப் பாத்தியில் இலைகள் துளைபட்டிருப்பதைக் கண்டதும் பலர் உப்பைத் தூவி இவற்றைக் கொன்றுவிடுவர். இது எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று கேட்போர் குறைவு.

அக்கேள்வி முக்கியமானது. ஆப்பிரிக்கப் பெருநத்தையை 1847ஆம் ஆண்டில் வில்லியம் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அங்கு ஒரு தோட்டத்தில் விடப்பட்ட நத்தை பல்கிப் பெருகியது. இன்று ஆசியாவின் பல நாடுகளில் அது பயிர்களை அழிக்கும் உயிரி. ஆண்டும் இடமும் எழுதி வைக்கப்பட்டதால்தான் இவ்வரலாறு நமக்குத் தெரிகிறது.

நம் தோட்டத்தில் காணும் ஓடில்லா நத்தைகளுள் இரண்டை எளிதில் வேறுபடுத்தலாம். ஒன்று, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட 'லெவிகாலிஸ் ஆல்டே'. இது தட்டையானது, கரும்பழுப்பு நிறமுடையது. தோல் போன்ற அதன் முதுகின் நடுவே வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடும். மற்றொன்று, தென்கிழக்காசியாவைச் சேர்ந்த 'பார்மாரியன்'. இதன் முதுகில் விரல் நகத்தைப் போன்ற சிறிய ஓடு தெரியும். ஆகவே, இதனை 'அரை ஓட்டு நத்தை' எனலாம்.

நத்தையைப் பதிவு செய்ய ஒரு திறன்பேசி போதும். முதுகு, வலப்பக்கம், தலை ஆகியவை தெளிவாகத் தெரியுமாறு படங்கள் எடுக்க வேண்டும். அருகில் ஒரு நாணயத்தை வைத்தால் அதன் அளவு புரியும். வெறுங்கையால் தொடக்கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் நத்தைகளின் உடலில் இருக்கக்கூடும். அவை மனித உடலுக்குள் சென்றால் மூளையைச் சூழ்ந்துள்ள சவ்வில் அழற்சி ஏற்படலாம். தோட்டத்துக் கீரையை நன்கு கழுவிச் சமைப்பதும் இதனால்தான்.

படங்களை நாள், இடம் ஆகிய விவரங்களுடன் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் பதிவேற்றலாம். வீட்டின் துல்லியமான அமைவிடத்தை மறைக்கும் வசதியும் அதில் உண்டு. இனப்பெயர் தெரியாவிட்டால் 'நத்தை வகை' என்று மட்டும் குறிப்பிடுவதே நேர்மை. ஊகித்து எழுதிய பெயர் பிறரையும் தவறான வழியில் இட்டுச் செல்லும். பெயரிட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஒரே இனப்பெயரை ஏற்றுக்கொண்டால், அப்பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். பதிவாளர் திறந்த உரிமம் வழங்கியிருந்தால், அது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்தையும் சென்றடையும். எந்நாட்டு ஆய்வாளரும் அதனை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

கெடாவின் இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. நிலம் மாறும்போது அங்கு வாழும் சிற்றுயிர்களும் மாறும். எவை மறைந்தன, எவை புதிதாக வந்தன என்பதை நாளை அறிய, இன்றைய பதிவுகள் தேவை. பீடோங்கில் ஒரு மாணவர் எடுக்கும் படமும் அவற்றுள் ஒன்றாகும்.

சிந்தித்து விடையளிக்க:
1. ஆப்பிரிக்கப் பெருநத்தையின் வரலாறு எதை உணர்த்துகிறது?
2. இனப்பெயரை ஊகித்து எழுதுவதால் விளையும் தீமை யாது?
3. உமது வசிப்பிடத்தில் ஏற்பட்ட நில மாற்றம் எவ்வுயிர்களைப் பாதித்திருக்கும்? காரணத்துடன் விளக்குக.