மிச்சம் 400 கிராம்

அன்புள்ள வாசகருக்கு,

ராசிபுரம் பக்கம் இறுதியாண்டு படிக்கும் நீங்கள் நான்கு பேர் சேர்ந்து குவாட்காப்டர் ஒன்று செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். மருந்தடிக்க, படமெடுக்க, அவசர மருந்து கொண்டுபோக என மூன்று வேலைக்கும் ஒரே ட்ரோன். எதையாவது கைவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மருந்தடிப்பதை விட்டுவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 450 மி.மீ. சட்டம், 10 அங்குல இறக்கை, ஒரு மோட்டார் 800 கிராம் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து 3,200 கிராம். காற்றடித்தால் நிமிரவும் திரும்பவும் மோட்டாருக்குப் பலம் மிச்சமிருக்க வேண்டும்; அதனால் மொத்த எடை அதில் பாதிக்குமேல் போகக்கூடாது. அதாவது 1,600 கிராம். சட்டம், மோட்டார், இ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி), பேட்டரி, பிளைட் கன்ட்ரோலர் எல்லாம் 1,200 கிராம் என்றால், உங்கள் கையில் இருப்பது 400 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ! டேங்கும் பம்பும் தனி. பெரிய பேட்டரி போட்டால் அதன் எடையும் இந்த 400 கிராமிலிருந்துதான் கழியும்.

சரி, நம் காட்டுக்கு என்ன தேவை? சேலம், நாமக்கல்லில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டவர்களைக் கேளுங்கள், மாவுப்பூச்சி என்பார்கள். குருத்து சுருண்டு செடி குட்டையாகிவிடும். இதற்காக ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபசி என்ற குளவியைத் தருவித்து, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி இது. கண்மூடித்தனமாக மருந்தடித்தால் பூச்சியோடு குளவியும் சாகும். ஆக, தெளிப்பதைவிட எந்த மூலையில் குருத்து சுருண்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பதே பெரிய உதவி. ஆள் உயரத்துக்கு வளர்ந்த காட்டுக்குள் நடந்து தேடுவது சிரமம்; மேலிருந்து ஒரு கேமரா சந்தேகமான இடங்களைக் குறித்துத் தந்தால் அங்கே மட்டும் போய்ப் பார்க்கலாம். கேமராவுக்கு 400 கிராம் தாராளம். பிறகு கேமரா மாட்டும் அதே கொக்கியில் குளவிப் புட்டியைத் தொங்கவிடலாமா என்று யோசியுங்கள். பல வேலைக்கான ட்ரோன் இப்படித்தான் பிறக்க வேண்டும்: சட்டம் ஒன்று, அடியில் மாட்டுவது வேலைக்கு ஒன்று.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்‌ஷா’ அணியை அறிவீர்கள். நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததால் ஊரெல்லாம் பேசப்பட்ட அணி. 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்கள். 2020-இல் கொரோனா காலத்தில் கிருமிநாசினி தெளித்ததிலும் தக்‌ஷா ட்ரோன்கள் இருந்தன. குழு ஒன்றுதான், ஆனால் போட்டிக்குப் போனது வேறு இயந்திரம், தெளித்தது வேறு இயந்திரம். தெளிப்பு போல எடை கூடிய வேலைக்கு அத்தனை அனுபவசாலிகளே வண்டியை மாற்றினார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’ வகை. உங்களுடையது அதில் அடங்கும். கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்காகப் பச்சை மண்டலத்தில், தன் வளாகத்துக்குள் பறக்கவிட்டால் பதிவெண்ணும் விமானி உரிமமும் தேவையில்லை. வெளியே எடுத்துப் போகுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். காமலாபுரம் விமான நிலையத்தை ஒட்டிய காடு வேண்டவே வேண்டாம்.

பாகம் வாங்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை ஏத்தாப்பூர் போய் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் பேசுங்கள். பிறகு ஒவ்வொரு பாகத்தின் எடையையும், திருகாணி, ஒயர் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்பிவையுங்கள். கூட்டுத்தொகை 1,600-ஐத் தாண்டியிருந்தால் எதைக் கழிக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்