கல்யாண வீடியோவுக்கு ஆள் தேடும் பிள்ளைகளுக்கு

வி.எச்.எஸ். கேசட் காலத்தில் கேமராவைத் தோளில் ஏற்றியவன் நான். இப்போது படம் எடுப்பதில்லை. ஆனாலும் கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் வந்து, "யாரைப் பிடிக்கலாம், பெரியப்பா?" என்று கேட்கிறார்கள். ஆளின் பெயரைச் சொல்வதைவிட, ஆளைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

1. டீசரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு வருடத்தில் எடுத்த நல்ல காட்சிகளை எல்லாம் பொறுக்கிச் சேர்த்தால், மூன்று நிமிடத்துக்கு யார் வேலையும் அழகாகத்தான் இருக்கும். ஒரே கல்யாணத்தின் முழு வீடியோவைக் கேளுங்கள். உங்கள் மண்டபம் போன்ற மண்டபத்தில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. தாலி கட்டும் இடத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள். அது சில விநாடி சமாச்சாரம். கெட்டிமேளம் கொட்டியதும் உறவெல்லாம் எழுந்து அட்சதையோடு மேடையை நெருக்கும். நாத்தனார் மீதி முடிச்சுகளைப் போடக் குனிவாள். அந்த நெரிசலில் பெண்ணின் முகம் தெரிகிறதா? தெரிந்தால், படமெடுத்தவர் முன்கூட்டியே இடம் பிடித்து, இன்னொரு கேமராவையும் ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். ஹோமப் புகையில் முகங்கள் மங்கிப்போகின்றனவா, மேடை எல்இடி விளக்கில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

2. அதே வீடியோவை இன்னொரு முறை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பழைய கேசட்டை பென்டிரைவில் மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள், படம் தெளிவாக இருக்கிறதா என்று முதலில் கேட்பதில்லை. "அப்பா பேசுவது இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். இன்றைய ஹைலைட்ஸ் வீடியோக்களில் மண்டபத்தின் சத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். கன்னிகாதானத்தில் தழுதழுக்கும் அப்பாவின் குரல், நலங்கில் பாட்டி பாடும் பாட்டு, ஊஞ்சலைச் சுற்றி அத்தைமார் அடிக்கும் கிண்டல், எல்லாம் அந்தப் பாட்டுக்கு அடியில் போய்விடும். ஆகவே காலர் மைக் வைத்திருக்கிறாரா, மண்டபத்தின் மைக்செட்டிலிருந்து தனியாக ஒலிப்பதிவு செய்வாரா, தவில் உச்சத்துக்குப் போகும்போது சத்தம் பிசிறடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுப் போட்ட சுருக்கம் ஒன்று இருக்கட்டும். உள்ள சத்தத்தோடு முழுப் பதிவும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

3. "அன்றைக்கு நேரில் வருவது யார்?" என்று கேளுங்கள். தை, ஆவணி போன்ற மாதங்களின் பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டுடியோ நாலைந்து மண்டபங்களுக்கு ஆள் அனுப்பும். உங்களுக்குக் காட்டிய வேலையைச் செய்தவர் வேறு, வந்து நிற்பவர் வேறாக இருக்கலாம். வரப்போகிறவரின் பெயரைக் கேட்டு, அவர் எடுத்த வீடியோவைப் பாருங்கள்.

4. உங்கள் சுபாவத்துக்கு ஏற்றவரா என்று பாருங்கள். கூச்சப்படும் பெண்ணை "இப்படித் திரும்பும்மா, சிரிம்மா" என்று நாள் முழுக்க இயக்கினால், வீடியோவில் அவள் அவளாக இருக்கமாட்டாள். அவளுக்கு ஒதுங்கி நின்று எடுக்கும் கேண்டிட்காரரே சரி. வந்தவர் எல்லோரும் வரிசையாகத் தெரியவேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. அதற்கு டிரெடிஷனல் வீடியோ வேண்டும். அந்த ஆசையைப் பழமை என்று தள்ளிவிடாதீர்கள். முதல் சந்திப்பிலேயே "உங்கள் வீட்டில் என்னென்ன சடங்கு, கூறைப்புடவை மாற்ற எப்போது போவீர்கள்?" என்று அவராகக் கேட்டால் நம்பலாம். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியைப் படமெடுக்க வேண்டாமென்றாலோ, பெண் வீடியோகிராபர் வேண்டுமென்றாலோ, அன்றே சொல்லிவிடுங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் கேமரா அனுமதியை நிர்வாகத்திடம் நீங்களே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

5. பணம் குறைவென்றால் வெட்டவேண்டியதைச் சரியாக வெட்டுங்கள். அவுட்டோர் ஷூட், எல்இடி வால், ஹெலிகேம் என்னும் டிரோன் கேமரா, இவை போனால் ஒன்றும் குறையாது. வரவேற்புக்கு இரண்டு மணி நேரம் போதும். முகூர்த்தத்துக்கு இரண்டாவது கேமராவையும் நல்ல மைக்கையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சொன்ன தொகை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள்.

6. ஹெலிகேம் இருந்தே தீரவேண்டும் என்றால், 2021 டிரோன் விதிகளின்படி பறக்கவிடும் உரிமச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மீனம்பாக்கம் போன்ற விமான நிலையத்துக்கு அருகே உள்ள மண்டபங்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. மண்டபத்துக்குள் வேண்டவே வேண்டாம். அந்த இரைச்சலில் மந்திரம் கேட்காது.

7. எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், எத்தனை முறை திருத்தித் தருவார், எடிட் செய்யாத பதிவு கிடைக்குமா, எல்லாம் அதில் இருக்கட்டும். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உரிமை ஸ்டுடியோவுக்கே என்று பொடி எழுத்தில் வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வீடியோவை அவர் இன்ஸ்டாகிராமில் போடலாமா கூடாதா என்பதும் எழுத்தில் வரட்டும்.

8. ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகும் கேமராவா என்று கேளுங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 45 ஜிபி ஆகும். ஆகவே ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றைப் பெண் வீட்டிலும் ஒன்றைப் பிள்ளை வீட்டிலும் வையுங்கள்.

9. எடிட்டிங்கில் நிறத்தை வெளுக்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் நிறம் உங்கள் நிறமாகவே இருக்கட்டும்.

10. இரு வீட்டிலிருந்தும் உறவு தெரிந்த ஒவ்வொருவரை வீடியோக்காரரோடு நிற்கவையுங்கள். தாய்மாமன் யார், தள்ளாத வயதில் ஊரிலிருந்து வந்த பெரிய பாட்டி யார் என்று அவருக்குத் தெரியாது; காட்டினால்தான் எடுப்பார். விடியற்காலை முகூர்த்தத்துக்கு வீடியோக்காரர்கள் மூன்று மணிக்கே வந்து விளக்கு கட்டியிருப்பார்கள். முதல் பந்தியிலேயே ஒருவர் மாற்றி ஒருவராக உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யும் பொறுப்பையும் அந்த இருவரிடமே கொடுத்துவிடுங்கள்.