தாளம் தப்பியது யாரால்?

கலசப்பாக்கம் பகுதியில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எனக்கு இசை தெரியாது. ஆனால் 2022-23ஆம் கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து பாட்டு, வாத்தியம் எல்லாம் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. மைக் செட்டில் எந்த ஒயர் எங்கே போகும் என்று தெரிந்திருப்பதுதான் அதற்கு என் ஒரே தகுதி.

எங்கள் ஆண்டு விழா ஒன்றில் எட்டு மாணவியர் கரோக்கி இசைக்குப் பாட, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பறை அடித்தான். வகுப்பறை ஒத்திகையில் போனில் பாட்டை ஓடவிட்டபோது ஓர் அடிகூடப் பிசகவில்லை. மேடையில் எல்லாம் குலைந்தது. பறையின் ஒவ்வோர் அடியும் பாட்டுக்குப் பின்னால் விழுந்தது. கீழே உட்கார்ந்திருந்த பெற்றோர் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“ஏன்டா பின்னாடியே அடிக்கிற?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

“பாட்டைக் கேட்டுத்தான் சார் அடிச்சேன்” என்றான்.

மேடைப் பயம் என்று நானே முடிவுகட்டினேன். மறுவாரம் பறையைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டு, “படிக்கணும் சார்” என்று சொல்லிப் போய்விட்டான்.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் ‘ஒலியியல்’ பாடம். எதிரொலி கேட்க 0.1 வினாடி இடைவெளி வேண்டும். ஒலியின் வேகம் வினாடிக்கு 344 மீட்டர். ஆகவே சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பல வருடங்களாகப் போடுகிற கணக்குதான். போய்வரும் தூரம் 34.4 மீட்டர் என்று கரும்பலகையில் எழுதியபோது கை நின்றது. எங்கள் மேடையிலிருந்து வேப்பமரத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம். அன்று பாக்ஸ் ஸ்பீக்கர்களை அந்த மரத்தடியில்தான் வைத்திருந்தோம். மேடைப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.5 வினாடி. மரத்தடியிலிருந்து பாட்டு மேடைக்கு வந்துசேர 0.1 வினாடி, அதாவது ஓர் அடியில் ஐந்தில் ஒரு பங்கு. அவன் கேட்டவுடன் அடித்தான். அந்த அடி மைக் வழியாக ஒயரில் தாமதமே இல்லாமல் மரத்தடிக்குப் போனது. அதற்குள் பாட்டு 0.1 வினாடி முன்னே போயிருந்தது. மாணவியரும் அதே அளவு பிந்தித்தான் பாடினார்கள்; இழுத்துப் பாடும் குரலில் அது தெரியவில்லை, பறையின் வெட்டு ஓசையில் தெரிந்துவிட்டது.

இதை வகுப்பிலேயே சொன்னேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து, “அப்ப நான் தப்பா அடிக்கலையா சார்?” என்று கேட்டான்.

“இல்லப்பா. நான்தான் தப்பாச் சொன்னேன்.”

பெரிய கச்சேரிகளில் கலைஞர்கள் காதில் செருகியிருப்பது இன்-இயர் மானிட்டர். மிக்சரிலிருந்து நேராகக் காதுக்கு வருவதால் காற்றில் பயணிக்கும் தாமதம் இல்லை. அதில் ‘டக், டக்’ என்று தாள அடையாளமும் ஓடும். அதைக் கிளிக் ட்ராக் என்பார்கள். 1815இல் மேல்செல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் செய்த அதே வேலைதான்.

நாங்கள் செய்தது மலிவு வழி. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டை வலப்பக்கத்துக்கும் கிளிக்கை இடப்பக்கத்துக்கும் தள்ளி, பாட்டுக்கு முன் நான்கு கிளிக் சேர்த்து ஒரே கோப்பாக்கினோம். ஒரு முனையில் போனுக்கான சிறு பின்னும் மறுமுனையில் இரண்டு பெரிய பின்னும் உள்ள ஒயர் மைக் செட்காரரிடம் இருந்தது. பாட்டு ஒரு சேனலில், கிளிக் இன்னொன்றில். கிளிக் சேனலின் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, பி.எஃப்.எல். பொத்தானை மட்டும் அழுத்தினால் மிக்சரின் ஹெட்போன் துளையில் கிளிக் வரும், வெளியே கேட்காது. பாட்டுச் சேனலிலும் அதே பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து வரும். அங்கிருந்து நீள ஒயரில் பறை அடிப்பவன் காதுக்கு. முதல் ஒத்திகையில் ஃபேடரை இறக்க மறந்தோம். எதிர் டீக்கடை வரை ‘டக், டக்’.

புளூடூத் இயர்போன் இதற்கு உதவாது. அதற்கே உரிய தாமதம் பல சமயம் நம் வேப்பமரத் தாமதத்தைவிட அதிகம். போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் அழைப்பு மணி மேடையில் ஒலிக்கும். சத்தத்தை முதலில் நம் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

எனக்குத் தாமதமாகப் புரிந்தது நடை. நம் நாட்டுப்புறப் பாடல்கள் பலவும் திஸ்ர நடை, மூன்று மூன்றாகப் போகும். நான்காகப் பிரிக்கும் கிளிக் வைத்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கரோக்கி இல்லாமல், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து அடிக்கும் பறைக் குழுவுக்குக் கிளிக் வேண்டவே வேண்டாம். அந்த வேகம் மூச்சோடு கூடிக் குறையும். அதைக் கடிகாரத்தில் கட்டக்கூடாது.

கிளிக் எங்களுக்கு ஒரு சோதனையையும் தந்தது. ஆகஸ்டில் செய்யாறு வெறும் மணலாகக் கிடந்தது. இன்னோர் ஆசிரியரும் உடன் வந்தார். அவன் காதில் 120 கிளிக் ஓட, கரையருகே நின்று சீராக அடித்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்கள். சுமார் 85 மீட்டரில் குச்சி மேலே இருக்கும்போது சத்தம் வந்தது. இன்னும் போகப் போக, குச்சி தோலில் படுவதும் சத்தமும் மறுபடி ஒன்றாயின. அதாவது முந்தைய அடியின் சத்தம் அடுத்த அடியோடு வந்து சேர்கிறது. கயிற்றால் அளந்தால் 172 மீட்டர். அரை வினாடிக்கு 172 என்றால் வேகம் 344. அன்றைய வெயிலுக்கு 350ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். கண்ணால் கணித்ததில் சில மீட்டர் பிசகுவது இயல்பு.

மிக்சரும் கணினியும் இல்லாத தொடக்கப் பள்ளிகளில் நூலும் கல்லும் போதும். கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருந்தால், சிறிதாக ஆட்டிவிட்ட கல் நிமிடத்துக்கு 120 முறை நடுப்புள்ளியைக் கடக்கும். 36 செ.மீ. என்றால் 100 முறை, ஏறக்குறைய ஒரு மீட்டர் என்றால் 60 முறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஜன்னல் கம்பியில் கட்டிக் காட்டியவன் அவன்தான். பறை இப்போது எங்கள் அலமாரியில் இல்லை.