இளவேனில் வலையும் வலசைப் புட்களும்

புள்ளின் காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி, அது செல்லும் வழியை அறியும் முறையை 1899ஆம் ஆண்டில் நிலைநாட்டியவர் பள்ளியாசிரியர் ஒருவரே என்பது எம்போன்றோர்க்கு உவகை தருவது. டென்மார்க்கு நாட்டினராகிய மோட்டென்சன் என்னும் அவர், மைனாவின் குடும்பத்ததாகிய ஒரு பறவைக்கு அலுமினிய வளையமிட்டார். நமக்கு அண்மையில் இப்பணி பெருக நிகழ்ந்த இடம், பாக்குநீரிணைக்கு அக்கரையிலுள்ள கோடியக்கரை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆங்கே பல்லாண்டு வலைவிரித்துள்ளனர்.

பறவைகள் வடக்கே மீளும் பங்குனி, சித்திரையில் வலை வெறுமையாகி, வளையமிடுவோர் மனஞ்சோர்தல் உண்டு. அதுகண்டு, “பறவைகள் அருகின” என உடனே முடிவுகட்டுதல் தகாது. ஐப்பசியில் வருங்கூட்டத்தில் அவ்வாண்டுக் குஞ்சுகளும் அடங்கும். மீளுங்கால் மாண்டவை போக எஞ்சியவையே செல்லும். உள்ளான் இனங்கள் சிலவற்றின் இளையவை முதலாண்டில் வடக்கே செல்லாது, கோடையை ஈண்டே கழிப்பதும் உண்டு. அன்றியும், நமது பரவைக்கடலின் ஆழமற்ற ஓரங்கள் பங்குனி வெயிலில் வற்ற, அங்கே குழுமியிருந்த பறவைகள் நீர் நாடிச் சிதறும். சோழகம் வீசத் தொடங்கின் இரட்டிப்பு இடர்: காற்றில் வலை உப்பிப் பறவையின் கண்ணுக்குத் தோன்றும், வடக்கே செல்வார்க்கோ அது வாய்ப்பான காற்றாதலின், இறங்காது உயரப் பறந்துவிடும். 2021இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகம் உருசியாவின் வடமுனைப் பகுதியை எய்தியது. அத்தகைய நெடும்பயணிகள் நம் வலைக்காகக் காத்திரா.

பிடித்த தொகையை மட்டும் எண்ணலாகாது, முயற்சியையும் எண்ணுக. பத்து வலைகள் ஐந்து காலைகளில் நூறு பறவைகளையும், இரண்டு வலைகள் அதே ஐந்து காலைகளில் இருபதையும் பிடித்தன என்க. ஒரு வலைக்கு ஒரு காலையில் இரண்டே என்பது இரண்டிற்கும் ஒக்கும். நூறும் இருபதும் என்று கேட்டார் அஞ்சுவர்; வகுத்தறிந்தார் அஞ்சார். ஆதலின் ஒன்றும் அகப்படாத காலையையும் ஏட்டிற் பதிதல் வேண்டும். சோம்பலால் அதனை விடுவாரும் உளர். அவர் தரும் சராசரி பொய்யாகும்.

மெய்யான குறைவும் இல்லாமலில்லை. கோடியக்கரையில் 1980களிற் கண்ட கரைப்பறவைத் திரள் பின்னர்ப் பெரிதும் சுருங்கியது. நீரின் உவர்ப்பு மாறியதும் உப்பளங்கள் விரிந்ததும் அதன் காரணங்களாகக் கூறப்பட்டன. பல ஆண்டுக் கணக்கு இருந்தமையாலன்றோ அஃது அறியப்பட்டது!

மண்டைதீவிலோ அராலியிலோ வளையமிட்ட பறவையைக் காணும் மாணவர் எண்ணையும் முகவரியையும் நாளையும் இடத்தையும் எழுதிக்கொள்க. உயிருள்ள பறவையாயின் வளையத்தைக் கழற்றாது விடுக.