எல்லை கடக்கும் வாடகை வண்டி

ஒரு நாட்டில் வாடகைக்கு அமர்த்திய மோட்டார்க் காரை அடுத்த நாட்டுக்குள் ஓட்டிச் சென்று, அன்று மாலையே திரும்புதல் எளிய செயலாகத் தோன்றும். பாதை நேரே கிடக்கின்றது. கையிற் கடவுச்சீட்டு உண்டு. பின்னர்த் தடை யாது? இவ்வினாவிற்கு விடை காணச் சிங்கப்பூரையும், அதற்கு வடக்கே கடற்காலின் மறுகரையில் உள்ள மலேசிய நாட்டு ஜொகூரையும் எடுத்துக்கொள்வோம். இவ்விரு கரையிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் நம்மவர், சிங்கப்பூரில் ஒரு வண்டி அமர்த்திக் கொண்டு ஒரு பகற்பொழுதில் ஜொகூரையும் கண்டு மீளலாம் என எண்ணுதல் இயல்பேயன்றோ?

இரு கரையையும் இணைப்பது ஜொகூர் கடற்பாலம். பெயர் பாலமாயினும், கடலிற் கருங்கல்லைக் கொட்டி உயர்த்திய அணையென்றே அதனைக் கூறல் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிக்க நீளமுடைய அது, 1924-ம் ஆண்டு ஜூன் 28-ல் முறைப்படி திறக்கப்பெற்றது. 1942 ஜனவரி 31-ல், ஜப்பானியர் முன்னே பின்வாங்கிய படையினர் அதன் ஒரு பகுதியை வெடிவைத்துப் பிளந்து சென்றனர். பிளவு பின்னர்த் தூர்க்கப்பட்டது. 1965 ஆகஸ்டு 9-ல் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்து தனிநாடாகவே, ஓர் ஊரின் இரு தெருக்கள் போலிருந்த கரைகள் இரண்டு நாடுகளாயின. துவாஸ் என்னுமிடத்தில் 1998-ல் இரண்டாம் பாலம் ஒன்றும் திறக்கப்பெற்றது. எனினும் நாள்தோறும் மூன்று இலட்சம் மக்களுக்கு மேல் இவ்வெல்லையைக் கடத்தலின், நெருக்கடி குறைந்தபாடில்லை.

இனி நம் வினாவிற்கு வருவோம். எல்லைச் சாவடியிற் செல்வோர் மனிதரும் வண்டியும் என இரு திறத்தினர். மனிதனைக் கேட்பது குடிநுழைவுத் துறை. (அந்நாட்டுத் தமிழர் வழங்கும் இச்சொல் பொருள் விளங்க அமைந்துள்ளது; நாமும் கைக்கொள்ளலாம்.) வண்டியைக் கேட்பதோ சுங்கமும் போக்குவரத்துத் துறையும் ஆம். சுங்கத்தின் கண்ணுக்கு வண்டி விலையுள்ள ஒரு பண்டம். மீண்டும் வெளியேறும் என்னும் உறுதிமேலேயே அது வரியின்றி உள்ளே விடப்படுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சாவடியிற் பண்டங்கள்மீது புலிப்பொறி இட்டனர் என்று பட்டினப்பாலையிற் பயில்கின்றோம். இன்று அயல்நாட்டுப் பதிவுள்ள கார் ஜொகூருக்குட் புக மலேசிய அரசினிடம் பதிவு செய்து, மின்னணுச் சீட்டொன்றை ஒட்டிக்கொள்ளல் வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அஃதில்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் தண்டம். அப்பதிவைச் செய்தற்குரியவர் வண்டியின் உடையவரே. வாடகை வண்டிக்கு உடையவர் யாவர்? வாடகை நிலையத்தாரன்றோ! ஆதலின் நாம் எத்துணை விழிப்புடையோமாயினும், அவர்கள் முன்னரே பதிவு செய்யாத வண்டியைக் கொண்டு செல்லுதல் இயலாது. ஒரே நிலையத்திலும் எல்லா வண்டிக்கும் சீட்டு இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. அமர்த்து முன்னரே, 'மலேசியாவுக்குச் செல்லும் வண்டி வேண்டும்' எனக் கேட்டு, அவ்விசைவை எழுத்திற் பெற்றுக் கைக்கொண்டு செல்லுதல் தக்கது. இதற்கெனத் தனிக்கட்டணம் வாங்குவது பெரும்பான்மை வழக்கம்.

அக்கட்டணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, நிலையத்தாரிடம் கூறாமலே எல்லை கடப்பாரும் உளர். 'மாலைக்குள் மீளப் போகின்றோம், யார் அறிவார்?' என்பது அவர் துணிவு. இத்துணிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிறிது விரித்துக் காண்போம். கோத்தா திங்கிச் சாலையில் ஒரு லாரி அவ்வண்டியின் பக்கத்தை நசுக்கிற்று என்று கொள்க. வாடகை ஒப்பந்தத்தில், இசைவின்றி நாட்டெல்லை கடப்பின் இன்ஷூரன்ஸ் காப்பு இல்லை என்னும் விதி பெரும்பாலும் காணப்படும். அங்கனமாயின், பழுது பார்க்கும் செலவும், வண்டியை இழுத்துக்கொண்டு எல்லை கடத்தும் செலவும், பழுது தீரும்வரை நிலையத்தார் இழக்கும் வாடகையும் ஓட்டினவன் தலையிலேயே விழும். வண்டி களவு போயிற்றேல் அதன் முழு விலையையும் அவனிடமே கேட்பர். ஒருநாள் உலாவிற்கெனச் சென்ற ஒரு குடும்பம் பல்லாண்டுச் சேமிப்பை இழத்தற்கு இஃதொன்றே போதும். இசைவு பெற்றுச் சென்றார்க்கும் காப்பு முற்றிலும் நிறைந்ததன்று. ஒவ்வொரு விபத்திலும் முதலிற் குறித்ததொரு தொகையை வாடகைக்கு எடுத்தவரே ஏற்றல் வேண்டும். எல்லைக்கு அப்பால் அத்தொகை மிகுதல் உண்டு. அதனை முன்னரே கேட்டறிக. ஒப்பந்தத்திற் பெயர் எழுதப்படாதவர் ஓட்டினும் காப்பு நீங்கும். 'தம்பி சிறிது நேரம் ஓட்டட்டும்' என்பது இங்கே ஆகாது. விபத்து நேரின், மலேசியச் சட்டப்படி 24 மணி நேரத்துட் காவல் நிலையத்தில் அறிவித்தல் வேண்டும். சிங்கப்பூருக்கு மீண்ட பின் பார்த்துக் கொள்வோம் என்று வருதல் பெரும்பிழையாம்.

எரிநெய் பற்றிய விதியொன்று புதியவர்க்கு வியப்பளிக்கும். மலேசியாவிற் பெட்ரோல் விலை மிகக் குறைவு. வெறுங் கலத்தோடு சென்று நிறைத்து வருவாரைத் தடுக்கச் சிங்கப்பூர் அரசினர் 1989-ல் ஒரு சட்டம் செய்தனர்: அந்நாட்டுப் பதிவுள்ள கார் வெளியேறும்பொழுது கலம் பாதியேனும் நிறைந்திருத்தல் வேண்டும். 1991-ல் அது முக்காலாக உயர்த்தப்பட்டது. குறைந்திருப்பின் தண்டமும் உண்டு, திருப்பியும் விடுவர். மலேசிய அரசினரோ தம் மக்களுக்கென மலிவாக்கிய 95 எண் பெட்ரோலை அயல்நாட்டுப் பதிவுள்ள வண்டிகளுக்கு விற்றலாகாது என விதித்துள்ளனர். விலை மிக்க 97 எண் வகையே நமக்குரியது. ஒரு கலத்துக்கு இரு காவல்!

ஜொகூரில் வண்டி அமர்த்திச் சிங்கப்பூருக்குள் வருவார்க்கோ விதி வேறு. அயல்நாட்டுப் பதிவுள்ள காரைச் சிங்கப்பூரின் குடிமகனும் நிரந்தரவாசியும் அங்கே ஓட்டலாகாது. ஆகவே அதே வண்டியில், சுற்றுலா வந்த நாம் ஓட்டுதல் கூடும். அருகே அமர்ந்த சிங்கப்பூர் மாமா ஓட்டுதல் கூடாது. வழி நன்கறிந்தவர் அவராயினும் என் செய்வது?

மீளும்பொழுது பொழுதினை எண்ணுக. விடுமுறை நாளின் மாலையிற் சாவடி வரிசை மணிக்கணக்காக நீளும்; வாடகைக் கடிகாரம் அவ்வரிசையில் நின்றுவிடாது. இரவு எட்டு மணிக்கு ஒப்படைப்பதாகக் கூறியவர் பத்து மணிக்குச் சென்றால் மறுநாள் வாடகையும் கொடுக்க நேரலாம். ஒருமுறையே நுழையத்தக்க விசாவில் சிங்கப்பூர் வந்தோர், ஜொகூர் சென்றால் திரும்ப நுழைய இயலாது என்பதையும் புறப்படுமுன் நினைவிற் கொள்க. வாங்கிய பொருள்களுக்கும் அளவுண்டு. 48 மணி நேரத்துக்குட்பட்டு வெளியே சென்று மீள்வோர் 100 சிங்கப்பூர் வெள்ளி மதிப்புக்கே வரிவிலக்குப் பெறுவர். சூயிங்கம் கொண்டுவருதல் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கே இல்லை. இருக்கையின் அடியில் முன்னர் வாடகைக்கு எடுத்தவர் விட்டுச் சென்ற பெட்டி கிடப்பினும் விடை கூற வேண்டியவர் நாமே. ஆகையால் வண்டியைப் பெறும்பொழுதே பின்பெட்டியையும் இருக்கையடியையும் நிலையத்தார் முன்னிலையில் திறந்து பார்த்துக்கொள்க.