கத்திரி வெயிலில் காளான் குடில்: கூலர் எப்போது கைகொடுக்கும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சித்திரை, வைகாசி வெயில் எப்படி அடிக்கும்னு சொல்லத் தேவையில்லை. வீட்டையொட்டிக் குடில் போட்டு சிப்பிக்காளான் வளர்ப்பவர்களுக்கு இந்த இரண்டு மாதமும் சோதனைதான். சிப்பிக்காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வரை வெப்பமும், காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். வெளியே 38 டிகிரி வரும்போது படுக்கை காய்ந்து, மொட்டு கருகிவிடும். "ஒரு ஏர் கூலர் வாங்கி வச்சா சரியாயிடுமா?" என்று கேட்பவர்கள், பணம் போடும் முன் இதைப் படிச்சிடுங்க.

கூலர் எப்படிக் குளிர்விக்கிறது?

மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே முறைதான். நனைந்த பேடு வழியாகக் காற்று வரும்போது தண்ணீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்வதோடு ஈரமும் ஆகிறது. ஏ.சி. காற்றை உலர்த்திவிடும், கூலர் ஈரம் சேர்க்கும். காளானுக்கு இரண்டும் தேவை என்பதால் கூலர் பொருத்தமானது.

எவ்வளவு குறையும்? உங்கள் போனே சொல்லும்

வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'ஈரப்பதம்' என்று ஒரு சதவீதம் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். பேடு நன்றாக நனைந்திருந்தால் தோராயமாக இப்படி வரும்:

- 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் (கோடை மதியம்): கூலர் காற்று சுமார் 28 டிகிரி.
- 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் (ஐப்பசி அடைமழை நாள்): சுமார் 30 டிகிரி. இரண்டு டிகிரிதான் லாபம்.

அதாவது, நம்ம ஊர் வறண்ட காற்றுதான் கூலருக்குப் பலம். மழைக்காலத்தில் பம்பை நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. கூலரை வெளிக்காற்று வரும் சன்னலில் வையுங்கள். எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி விடுங்கள். அறையை மூடிவிட்டு ஓட்டினால் உள்ளே ஈரம் ஏறி, கொஞ்ச நேரத்தில் குளிர்ச்சி நின்றுவிடும். காளானும் மூச்சு விடுகிறது. கரியமிலவாயு தங்கினால் காம்பு நீண்டு, குடை சிறுத்துப் போகும்.
2. காற்று படுக்கை மேல் நேராக அடிக்கக் கூடாது. மொட்டு உலர்ந்துவிடும். சுவர்ப்பக்கமோ மேலேயோ திருப்பி விடுங்கள்.
3. கோடை மதியம் கூலர் காற்றின் ஈரப்பதம் 75 சதவீத அளவில்தான் இருக்கும். மீதிக்குத் தரையில் மணல் பரப்பி நனையுங்கள். சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை உள்ளே மாட்டுங்கள்.
4. உப்புத் தண்ணீர் என்றால் பேடில் உப்புப் படிந்து காற்று அடைபடும். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள். கொசுப்புழுவும் தங்காது.
5. தண்ணீர் ஊற்றும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரத்தரை அறை என்பதால் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம்.

தண்ணீர்க் கணக்கு

20 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 1600 கன அடி. அறைக்காற்றை நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றும் கூலர், காற்றை 10 டிகிரி குறைக்க மணிக்கு 13 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். காலை 11 முதல் மாலை 5 வரை ஓடினால் சுமார் 80 லிட்டர். குடத்தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இது சின்னச் செலவு இல்லை. அதனால் முதலில் கூரைக்குக் கீற்றும் குடிலைச் சுற்றி மரநிழலும் ஏற்பாடு செய்யுங்கள். அதற்குப் பிறகு கூலர்.

வெயிலோடு சண்டை போடாத காளான்

இன்னொரு வழி நம்ம ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட பால்காளான் ரகம் ஏ.பி.கே. 2. பெயரில் உள்ள 'ஏ.பி.கே.' அருப்புக்கோட்டையைக் குறிக்கிறது. 30 முதல் 35 டிகிரியில் நன்றாக விளையும். பறித்த பிறகு சிப்பிக்காளானைவிடக் கூடுதல் நாள் கெடாமல் இருக்கும். தரையில் பாதி புதைந்த, நீல நிற பாலித்தீன் கூரை போட்ட குடில் இதற்குப் போதும். மேல்மண் இடுவது, வெளிச்சம் கொடுப்பது எனக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. ஆனால் வெப்பத்தைப் பத்து டிகிரி இறக்க வேண்டிய அவசியம் இல்லை; ஈரப்பதத்தைக் காத்தால் போதும்.

ஆகவே, கோடையில் பால்காளான், வெயில் தணிந்த மாதங்களில் சிப்பிக்காளான் என்று பருவம் பிரித்துக்கொண்டால், கூலர் கடும் வெயில் நாள்களுக்கு மட்டும் துணையாக இருக்கும்.

யாரிடம் கேட்பது?

கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். வேளாண் திட்டங்கள், மானியம் பற்றிய விவரங்களுக்கு 'உழவன்' செயலியைப் பாருங்கள். கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். போன் செய்யும் முன் குடிலின் நீளம், அகலம், மதிய வெப்பம், ஈரப்பதம் நான்கையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் உங்கள் குடிலுக்கு ஏற்ற பதில் கிடைக்கும்.